கூர் மழுங்காத எஃகு முள்

அத்தியாயம் நான்கு

"விரலை நீட்டு" என்றார் நெல்ஸ் ஹெக்லண்ட்.

"எந்த விரல்? இந்தக் காலை நேரத்துல நான் எந்த விரலை நீட்டினாலும் தப்பாத்தான் போகும்" என்றாள் ரமோனா.

"பேசாம நீட்டும்மா."

நீட்டினாள். நெல்ஸ் ஒரு சிறிய எஃகு முள்ளை அவள் விரல் நுனியில் வைத்து அழுத்தினார். அரிசி மணி நீளம்தான் இருக்கும், பென்சில் குச்சியைவிட மெலிசு. ரமோனாவுக்கு வலிக்கவே இல்லை. அடுத்து இன்னொரு முள்ளை எடுத்து அதே மாதிரி அழுத்தினார்.

"ஆவ்! யோவ் பெருசு, குத்துது!"

"அதான் வேணும்" என்று சொல்லி நெல்ஸ் முதல் தடவையாகச் சிரித்தார். காலை எட்டே முக்கால் மணி. அவர் பத்து மணிக்கு முன்னால் சிரித்து ரமோனா பார்த்ததில்லை.

இருவரும் நின்றது சேஜ் க்ரீக் துப்பாக்கிச் சங்கத்தின் பின்புறக் கொட்டகையில். சங்கத்தின் காவல்காரன் எமில் அங்கேதான் வேலை பார்த்தான், பக்கத்து அறையில்தான் குடியிருந்தான். பதினோரு வருஷம். உறுப்பினர்கள் சுட்டுத் தள்ளிய தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எமில் அவற்றை ஒரு ரப்பர் உருளையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சோப்பும் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பும் சேர்த்து, கைப்பிடி கைப்பிடியாக எஃகு முட்களை அள்ளிக் கொட்டி, மெஷினில் உருட்டுவான். மூன்று மணி நேரம் உருண்டால் கரியெல்லாம் போய்க் கூடு உள்ளும் புறமும் புதுசு மாதிரி ஆகிவிடும். பிறகு அதே கூட்டில் மருந்தும் குண்டும் அடைத்து மறுபடி சுடலாம். இந்த மொன்டானா மாநிலத்துக்காரன் ஒரு பித்தளைக் கூட்டைப் பத்துத் தடவையாவது சுடாமல் தூக்கிப் போட மாட்டான்.

விவகாரம் இதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா, சங்கத்திலேயே நன்றாகக் குறிபார்த்துச் சுடுகிறவள். நாளைக்கு மாநிலப் போட்டி. அதற்காக அவள் ஆறு வருஷமாக ஒவ்வொன்றாக எடை போட்டு, அடியில் கலர் மையால் குறி வைத்துச் சேர்த்த நூறு கூடுகளைச் சங்க அலமாரியில் ஒரு காபி டப்பாவில் வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருந்தது. நேற்று வியாழக்கிழமை வந்து பார்த்தால் டப்பாவைக் காணோம். தேடினார்கள். எமில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் காலி டப்பா கிடந்தது. டப்பா அடியில் ஓர் எஃகு முள் ஒட்டிக்கொண்டு இருந்தது.

சங்கத்தில் தண்ணீர் போட்டு, முள் போட்டுக் கழுவுகிறவன் எமில் ஒருவன்தான். அலமாரி அறைச் சாவியும் அவனிடம் இருக்கிறது. இதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. கூடினால் எமிலுக்கு வேலை போகும். வேலையோடு குடியிருக்கும் அறையும் போகும்.

எமில் நேரே நெல்ஸிடம் வந்தான். முப்பத்திரண்டு வருஷம் மாட்டுச் சூட்டுக்குறி பார்க்கிற அதிகாரியாக இருந்து மாட்டுத் திருடர்களைப் பிடித்த மனிதர். "நீங்க யாரையும் நம்ப மாட்டீங்கன்னு சொல்றாங்க. அதான் வந்தேன்" என்றான்.

"உன்னையும் நம்பலை" என்றார் நெல்ஸ்.

"பரவாயில்லை. மத்தவங்களையும் நம்பாம இருந்தாப் போதும்."

இந்தப் பதில் நெல்ஸுக்குப் பிடித்துப் போயிற்று.

"ரமோனா, முதல்ல உன்னைக் குத்தாத முள், எமிலோட வாளியில இருந்து எடுத்தது. எட்டு வருஷமா உருண்டு உருண்டு முனையெல்லாம் மழுங்கிப் போச்சு. வாளி பூரா தேடினேன், ஒரு முள்ளாவது குத்தணுமே? குத்தலை. உன்னைக் குத்தினது வெர்னா டப்பாவுல இருந்தது" என்றார் நெல்ஸ்.

ரமோனா விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தாள். "அப்போ அது புது முள்."

"வெட்டின கூர் இன்னும் அப்படியே இருக்கு. இந்த ஊர்ல எவனோ புதுசா முள் வாங்கியிருக்கான். அவனைப் பிடி, வேலை முடிஞ்சுது."

"எமிலே புதுசா ஒரு பாக்கெட் வாங்கியிருந்தா?"

"அதையும் நினைச்சேன். பக்கத்துல இருக்கானேன்னு உரக்கச் சொல்லலை."

கதவோரம் நின்றிருந்த எமில், "காதுல விழுந்துச்சு" என்றான்.

அலமாரிச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்று நெல்ஸ் கேட்டார். கமிட்டிக்காரர்கள் ஏழு பேரிடமும் இருக்கிறது என்றான் எமில். நேற்று ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை? சொல்ல வேண்டியவர்கள் அந்த ஏழு பேர்தானே.

* * *

வண்டியை ரமோனா ஓட்டினாள். நெல்ஸுக்குக் கண் சரியில்லை என்று போன வருஷம் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதையும் அவர் நம்பவில்லை, கண் டாக்டர்தான் எழுத்தைச் சின்னதாக அச்சடித்து வைத்திருக்கிறான் என்றார்.

ஊரில் இரும்புக் கடை ஒன்றுதான். அங்கே இந்த முள் விற்பதே இல்லை. தபாலில்தான் வரவேண்டும். தபாலாபீஸ் பெண்மணி, யாருக்கு என்ன பார்சல் வந்தது என்று சொன்னால் தன்னைச் சிறையில் போடுவார்கள் என்றாள்.

"போன மாசம் என் நாத்தனாருக்கு என்ன பார்சல் வந்துச்சுன்னு ஊருக்கே சொன்னியே?" என்றாள் ரமோனா.

"அது துணி. இது துப்பாக்கி சமாச்சாரம்."

பத்தே கால் ஆகிவிட்டது. ரமோனா சமையல் செய்கிற காபிக் கடைக்குப் போய் உட்கார்ந்தார்கள். நெல்ஸ் கறுப்புக் காபியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவின் மேல் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய எல்க் மான் உப்புக்கண்டம். தேவாலயக் கூரை பழுதுபார்க்க என்று ஆர்லீன் அம்மா செய்து கொண்டுவந்து வைப்பது. சங்கத் தலைவர் லோவலின் மனைவி. இந்த ஊரில் அவள் உப்புக்கண்டத்துக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். புது ஜாடி இன்று காலைதான் வந்திருந்தது.

ரமோனா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

கடக்!

"ஐயோ! என் பல்லு!"

"என்னாச்சு?"

"பல்லு உடைஞ்சிருச்சு பெருசு! கடைவாய்ப் பல்லு! இந்த மான் என்னத்தைத் தின்னுச்சு, கம்பி வேலியையா?" அவள் கையில் எதையோ துப்பினாள்.

நெல்ஸ் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பாதிப் பல்லும், அதன் பக்கத்தில் அரிசி மணி நீளத்தில் ஒன்றும் கிடந்தன. பல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்துத் தன் விரலில் அழுத்தினார். குத்தியது.

"ரமோனா, நீ தங்கமானவம்மா!"

"பல்லைத் தள்ளிவிட்டுட்டு என்னைத் தங்கங்கறார் பாரு!"

"எழுந்திரு. வண்டியை எடு."

"இப்ப எனக்கு டாக்டர் வேணும்!"

"பல்லு பன்னிரண்டு மணிக்கு மேலயும் உடைஞ்சேதான் இருக்கும். எமிலோட வேலை இருக்காது."

ரமோனா பாதிப் பல்லைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் திட்டினாள். நெல்ஸ் எதையும் காதில் வாங்கவில்லை, அவர் நினைப்பெல்லாம் பித்தளைக் கூட்டில் இருந்தது. ஈரப் பித்தளையைச் சும்மா வைத்தால் கறை விழும். அதனால் கழுவுகிறவர்கள் அதைச் சூட்டில் காயவைப்பார்கள். பழமும் இறைச்சியும் காயவைக்கிற மெஷின் அதற்கு ரொம்பத் தோது. ஊரில் பல பெண்டாட்டிகளுக்கு அந்த மெஷின் ஏன் சில நாள் சோப்பு வாசம் அடிக்கிறது என்று தெரியாது.

* * *

ஆர்லீன் அம்மா வாசலுக்கே வந்து வரவேற்றாள். சமையலறையில் மெஷின் அடுக்குத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தது.

"இதை யாருக்காவது இரவல் குடுத்தீங்களா?" என்று கேட்டார் நெல்ஸ்.

ஆர்லீனின் முகம் மாறியது. "எதுக்குக் கேக்குறீங்க? சுகாதார இலாகாவா?"

"இல்லைம்மா."

"யாருக்கும் குடுக்கலை. யாரும் தொடலை." இவ்வளவையும் அவள் படபடவென்று சொன்னாள்.

ரமோனா நெல்ஸின் காதருகே குனிந்தாள். "இவதான். வருஷா வருஷம் திருவிழாவுல ஆப்பிள் பணியாரத்துக்கு வெர்னாவுக்குத்தான் முதல் பரிசு. இவளுக்கு இரண்டாவது. எட்டு வருஷமா பார்க்குறேன், முதல் பரிசுக்குக் குடுக்குற அந்த நீல ரிப்பனைப் பார்த்தாலே இவ கண்ணு சிவக்கும்."

நெல்ஸ் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கடைசித் தட்டின் வலையில் இன்னொரு முள் சிக்கியிருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆர்லீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இது இறைச்சியில போயிடுச்சா?"

"என் பல்லுல போச்சு" என்று ரமோனா வாயைத் திறந்து காட்டினாள்.

"கடவுளே! தேவாலயத்து ஜாடி! பாதிரியாருக்கு இருக்குறதே நாலு பல்லு!"

"அம்மா, தட்டெல்லாம் நீங்க எப்பக் கழுவினீங்க?" என்றார் நெல்ஸ்.

ஆர்லீன் தயங்கினாள். "அதான் எனக்கே புரியலை. புதன்கிழமை பாட்டுக் குழு ஒத்திகைக்குப் போயிட்டு வந்தேன். வந்து பார்த்தா இதெல்லாம் கழுவிக் கவுத்து வச்சிருந்துச்சு. முப்பத்தி நாலு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு கரண்டி கழுவினதில்லை. எனக்கு அழுகையே வந்துருச்சு. யார்கிட்டயும் சொல்லலை, சொன்னா மறுபடி கழுவாம போயிடுவாரோன்னு."

நெல்ஸ் ரமோனாவைப் பார்த்தார். ரமோனா தலையை ஆட்டினாள். "முடியாது பெருசு. லோவலா? சங்கச் சுவத்துல 'பித்தளைக்குத் தண்ணீர் ஆகாது'ன்னு போர்டு எழுதி மாட்டினதே அந்த ஆளு. வால்நட் ஓட்டைப் பொடிச்ச தூள்ல கூட்டை உருட்டுறதைத் தவிர வேற எதையும் பக்கத்துல விட மாட்டார். போன வருஷம் கூட்டத்துல தண்ணீர்க் கட்சிக்கும் தூள் கட்சிக்கும் நாற்காலி பறந்துச்சே, முதல் நாற்காலியை வீசினவரு யாரு?"

"எங்கம்மா இருக்கார் இப்போ?" என்றார் நெல்ஸ்.

"கேரேஜ்ல. அந்தத் தூள் மெஷின் புதன் ராத்திரியில இருந்து நிக்காம ஓடுது. எனக்குத் தூக்கமே இல்லை."

"புதன் ராத்திரியில இருந்தா?"

"ஆமா. வழக்கமா நாலு மணி நேரம் ஓடும். இப்ப நிறுத்தவே மாட்டேங்கறார்."

* * *

கேரேஜில் கிர்ர்ர் என்று மெஷின் அதிர்ந்துகொண்டிருந்தது. லோவல் நல்ல உயரம், நல்ல மீசை, தலைவருக்கு உண்டான தொப்பை. கோட்டு வேறு போட்டிருந்தார், கூட்டத்துக்குக் கிளம்பத் தயாராக.

"வாப்பா நெல்ஸ். எமிலுக்காக அலையுறியாமே? வீண் வேலை. தண்ணியில கழுவுறவனை நான் என்னைக்கும் நம்பினதில்லை."

"நானும்தான். ஒரு கூட்டைக் காட்டு, உன் வேலையைப் பார்த்து நாளாச்சு" என்றார் நெல்ஸ்.

லோவல் ஒரு நொடி தயங்கினார். பிறகு மெஷினை நிறுத்தி, தூளுக்குள் கைவிட்டு ஒரு கூட்டை எடுத்துத் துடைத்து நீட்டினார். மஞ்சளாக, லேசாகத் தூசி படிந்து, பழைய வெண்கல மணி மாதிரி இருந்தது. "மோந்து பாரு. வால்நட். ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லை."

நெல்ஸ் மோந்து பார்த்தார். வால்நட்தான்.

"நான் சொன்னேன்ல?" என்று ரமோனா முணுமுணுத்தாள். "பல்லும் போச்சு, மானமும் போச்சு."

நெல்ஸ் சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். கூட்டின் வாயில் வெளிச்சத்தை அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"லோவல், நான் மாட்டுச் சூடு பார்த்த காலத்துல ஒருத்தன் வந்தான். திருட்டு மாட்டோட குறிமேல இன்னொரு குறி போட்டிருந்தான். வெளியில பார்த்தா அவ்வளவு சுத்தம், எவனாலும் சொல்ல முடியாது. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அந்த மாடு செத்தப்புறம் தோலைத் திருப்பிப் பார்த்தேன். பழைய சூடு உள்பக்கம் அப்படியே இருந்துச்சு."

"இப்ப எதுக்கு மாட்டுக் கதை?"

"தூள்ல உருட்டின கூடு வெளியில பளபளக்கும். உள்ள கரி போகாது, அடுப்புக் குழாய் மாதிரி கறுப்பாத்தான் இருக்கும். உன் கூடு எல்லாம் வருஷக்கணக்கா அப்படித்தான் இருந்துச்சு. இது உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. எஃகு முள் நுழைஞ்சு சுரண்டாம இப்படி ஆகாது." டார்ச்சை ரமோனாவிடம் நீட்டினார். "என்ன கலர்னு சொல்லு."

ரமோனா பார்த்தாள். "ரோஸ் கலர்! பெருசு, உள்ள ரோஸ் கலரா இருக்கு! கல்யாணப் பொண்ணு கன்னம் மாதிரி!"

"எலுமிச்சை உப்பை அளவு தெரியாம அள்ளிக் கொட்டினா பித்தளை அப்படித்தான் சிவக்கும். வெளிச் சிவப்பைப் போக்கத்தான் இரண்டு நாளா தூள்ல போட்டு உருட்டுறான். உள்பக்கம் தூள் வேலை செய்யாதுங்கறதை மறந்துட்டான். அது தூள் கட்சித் தலைவனுக்கே மறந்து போச்சு."

லோவல் வாயைத் திறந்தார். அப்போது கேரேஜ் வாசலில் ஆர்லீன் வந்து நின்றாள், கையில் அந்த முள்ளோடு.

"லோவல்," என்றாள், "நீ எனக்காகத் தட்டுக் கழுவலையா?"

அதோடு தலைவர் உடைந்து போனார். நெல்ஸ் எவ்வளவு பேசியிருந்தாலும் அவ்வளவு உடைந்திருக்க மாட்டார்.

நடந்தது சின்ன விஷயம்தான். தூள் போட்டு உருட்டிய கூடுகளை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக வெர்னாவிடம் தோற்றுக்கொண்டிருந்தார். தண்ணீரில் கழுவினால் ஒருவேளை ஜெயிக்கலாமோ என்று மனசு அரித்தது. யாருக்கும் தெரியாமல் மெஷினும் முள்ளும் தபாலில் வரவழைத்தார். செவ்வாய்க்கிழமை சங்க அலமாரியில் இருந்த தன் காபி டப்பாவை எடுத்து வந்தார். இந்த ஊரில் எல்லாரும் ஒரே கம்பெனிக் காபிதான் குடிக்கிறார்கள், ஒரே சிவப்பு டப்பாவில்தான் கூடு போட்டு வைக்கிறார்கள். பெயர் எழுதிய காகிதம் டப்பா அடியில் ஒட்டியிருக்கும். அவசரத்தில் அடியைப் பார்க்கவில்லை. அப்படியே உருளையில் கவிழ்த்தார். கழுவி, காயவைத்து, மறுபடி டப்பாவில் கொட்டிக் கையில் தூக்கிப் பார்த்தபோதுதான் அடியில் வெர்னாவின் பெயர். அதற்குள் அவள் ஆறு வருஷம் போட்ட கலர்க் குறி எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. கூடுகள் வேறு ரோஜாப்பூ மாதிரி சிவந்து கிடந்தன.

"கலரைச் சரி பண்ணித் திருப்பி வச்சுடலாம்னுதான் இருந்தேன்" என்றார் லோவல். "வெர்னா பேரை வீட்டுல யாரும் பார்த்துடக் கூடாதுன்னு டப்பாவை மட்டும் சங்கத்துத் தொட்டியில போட்டேன். எமில் மேல பழி வரும்னு நினைக்கலை."

"வந்தப்புறம்?" என்றார் நெல்ஸ்.

லோவல் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"வந்தப்புறம் நீதானே கமிட்டியைக் கூட்டின? தண்ணியில கழுவினேன்னு ஒத்துக்க வெட்கம். அதுக்கு ஒரு மனுஷன் வீட்டைக் காலி பண்ணணும். மாட்டுத் திருடனே தேவலை லோவல், அவன் மாட்டைத்தான் திருடினான்." கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு நாப்பது. கூடெல்லாத்தையும் அள்ளு."

* * *

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு லோவல் கமிட்டி முன்னால் எழுந்து நின்றார். அவர் சொல்லி முடித்தபோது தூள் கட்சிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். தண்ணீர்க் கட்சிக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள், சிரிப்பை அடக்க வேறு வழி இல்லை. ரமோனா மட்டும் அடக்கவில்லை. உடைந்த பல் தெரியச் சிரித்தாள்.

வெர்னா எழுந்து லோவலிடம் போனாள். குள்ளமான பெண்பிள்ளை. லோவல் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"நூறு கூடு" என்றாள். "ஒவ்வொண்ணா மறுபடி எடை போடணும். சாயங்காலம் நாலு மணிக்கு என் வீட்டுக்குத் தராசோட வா. நீ எடை போடு, நான் குறி வைக்கிறேன். முடியிற வரைக்கும் சோறு கிடையாது."

"வர்றேன் வெர்னா."

"உள்ள இந்தச் சிவப்போட நான் சுட மாட்டேன். ஊரே சிரிக்கும்."

அவள் கூடுகள் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பின்புறக் கொட்டகைக்குப் போனாள். நெல்ஸும் ரமோனாவும் பின்னால் போனார்கள். எமில் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே நடந்ததெல்லாம் சுவர் வழியாகக் கேட்டிருக்கும். எழுந்திருக்கவில்லை.

வெர்னா வாளியை அவன் முன்னால் வைத்தாள். "கழுவித் தருவியா எமில்?"

எமில் ஒரு கூட்டை எடுத்து அதன் வாய்க்குள் நகத்தால் சுரண்டினான். "உள்பக்கம் மேலோட்டமாத்தான் சிவந்திருக்கு. சோப்பு போட்டு ஒரு மணி நேரம் உருட்டினாப் போயிடும்." கூட்டை வாளியில் போட்டான். "நேத்து என்னை என்னன்னு சொன்ன?"

வெர்னாவின் காது சிவந்தது. "திருடன்னு."

"எத்தனை பேர் முன்னால?"

"இருபது பேர் இருக்கும்."

"இப்ப இங்க இரண்டு பேர்தான் நிக்கிறாங்க."

வெர்னா திரும்பி நடந்தாள். கூட்ட அறைக் கதவை அகலத் திறந்தாள். குழந்தைகளைப் பேருந்தில் அடக்குகிற குரலில், "எல்லாரும் கேளுங்க! எமில் திருடன் இல்லை! சொன்னது நான், தப்பும் என்னோடது!" என்று கத்தினாள். மைதானத்தின் அந்தக் கோடியில் மேய்ந்த மாடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

திரும்பி வந்தாள். "போதுமா?"

"தண்ணி வாளியைத் தூக்கிட்டு வா" என்றான் எமில்.

மெஷின் உருள ஆரம்பித்தபோது லோவல் வந்து சேர்ந்தார். கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். எமிலை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். காலையிலேயே தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். "இதைக் கிழிச்சுப் போடத்தான் வந்தேன்" என்று இரண்டு கையாலும் பிடித்தார்.

"கிழிக்காதீங்க" என்றான் எமில். கையை நீட்டி வாங்கினான். முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தான். தடவிப் பார்த்தான். "நல்ல கெட்டிக் காகிதம்."

வேலை மேஜைமேல் அதைப் பிரித்து, எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, நான்கு மூலையிலும் தட்டிச் சமப்படுத்தினான்.

ஒரு மணி நேரம் கழித்து வெர்னாவின் நூறு கூடுகளையும் மஞ்சள் மஞ்சளாக, சொட்டச் சொட்ட, அதன்மேல் கவிழ்த்துக் காயவைத்தான். தலைவரின் கையெழுத்துதான் முதலில் ஊறி அழிந்தது.